ஒரு சாண் குறைந்த முகூர்த்தப் புடவை

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது, மறைப்பானேன். இயற்கை விதிகள் காலப்போக்கில் மாறுமா? கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு ஆரணிக்குப் பஸ் ஏறினேன். (கற்பனையில்தான். டிக்கெட் மிச்சம்.)

2

பிரபஞ்சம் தோன்றிய அந்த முதல் கணத்தில் ஆரணி... சே, வேண்டாம்.

இளஞ்செழியன் ஆரணியில் பட்டு நெய்கிறவன். அவன் கட்டிக்கொள்ளப் போகும் ரேணுகாதேவி பக்கத்துச் சேத்துப்பட்டில் இயற்பியல் ஆசிரியை. முகூர்த்தப் புடவையை நான்தான் நெய்வேன் என்று அடம்பிடித்து நெய்தும் முடித்துவிட்டான். நாளை மறுநாள் கல்யாணம். ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த கடையில் டேப் வைத்துப் பார்த்தால், புடவை ஒரு சாண் குறைகிறது!

"என் அளவுக்கயித்துல சரியாதாங்க இருக்குது" என்று வீட்டுக்கு ஓடி, கயிற்றைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினான். முடிச்சுக்கு முடிச்சு கச்சிதம்.

கடைக்குக் கூடவே வந்திருந்த ரேணுகாவுக்குப் பொறி தட்டியது. "இந்தக் கயித்த இன்னா பண்ணீங்க?"

"பாவு நூலுக்குக் கஞ்சி போடசொல்ல இதுமேலயும் கொட்டிகிச்சு. வெந்நீல அலசிக் காயப்போட்டேன்..."

சொல்லும்போதே அவன் முகம் தொங்கிப்போனது. பருத்திக் கயிறல்லவா, சுருங்கிவிட்டது.

"பேஜாராப் போச்சுங்க. கல்யாணத்த தள்ளிவெச்சிக்கலாம். வேற நெய்யறேன்" என்று செல்போனை எடுத்தான்.

3

ரேணுகா சிரித்தாள். (நான் அழவைக்கத்தான் நினைத்தேன். அவள் கேட்டால்தானே!)

"உலகமே சுருங்கி, அளவுகோலும் கூடவே சுருங்கிச்சுன்னா யாருக்குத் தெரியும்? மாறிச்சான்னு பாக்க, மாறாதது ஒண்ணு பக்கத்துல வேணுங்க."*

"அப்படி இன்னா இருக்குது?"

"உங்களத்தான் கட்டிப்பேன்னு சொன்னேனே, அது. ரெண்டு கொசுவம் கம்மியா வெச்சா போச்சு."

* விஞ்ஞானிகளும் பழைய நட்சத்திர வெளிச்சத்தை இன்றைய வெளிச்சத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். விதிகள் மாறியதாக இதுவரை உறுதியாக எதுவும் சிக்கவில்லை.

4

எழுதுகிறவன் நான். ஒரே வரியில் புடவையை நீட்டிவிட முடியும். இதோ: அன்று காலை புடவை தானாக ஒரு சாண் வளர்ந்

அடித்துவிட்டேன். கதையில் எல்லாவற்றையும் ஒருசேர நீட்டினால் அவர்களுக்குத் தெரியாது, குறை அப்படியே இருக்கும். புடவையை மட்டும் நீட்டினால் ரேணுகா கண்டுபிடித்துவிடுவாள், என்னைச் சும்மா விடமாட்டாள்.

என் அளவுக்கயிறும் நனைந்ததுதான், ஐயா. கதைக்கு வெளியே நிற்பது நீங்கள் மட்டும்தான். இளஞ்செழியன் இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறான். அவன் யாரிடம், என்னவென்று பேசுவான் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். ரேணுகா அதற்குள் கடை நடுவிலேயே கொசுவம் மடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.