ஓடிப்போக ஒரு சமதளம்

“ரசமட்டத்தைக் கீழே போட்டுட்டு என் கையைப் பிடிடா!”

அருவிக்கு அடியில், பாசி படிந்த பாறையிலிருந்து வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கத்தினாள். பாறைமேல் அவளுடைய வருங்காலக் கணவன் ஒரு கையில், தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தோடு நட்ட கம்பம் மாதிரி நின்றான். ஒரு காலை மடித்து, குனிந்து, கையை நீட்டினால் போதும். சின்னக் குழந்தை செய்கிற வேலை. அவன் செய்யவில்லை.

“பிடிக்கறேன், பிடிக்கறேன்.”

“எப்ப? அறுபதாம் கல்யாணத்துக்கா?”

வேனைப் பூட்டிக்கொண்டிருந்த அவன் நண்பன் பெயிண்டர்தான் ஓடிவந்தான். குப்புறப் படுத்து, அவளை இழுத்துக் கரை சேர்த்தான். சட்டையெல்லாம் பாசி. “இந்தப் பச்சையைக் கலக்கச் சொல்லி ஒருத்தர் போன வாரம் என் உயிரை வாங்கினாரு. இங்க சும்மாவே கிடைக்குது” என்றான்.

அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டே காதலனை முறைத்தாள். அவன் ரசமட்டத்தைப் பாறையில் வைத்துக் காட்டினான். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒண்டிக்கொண்டது.

“பாரு, எவ்ளோ சரிவு. இங்க வேணாம்.”

திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தான். அவளோ, “எனக்கும் வேணாம். ஒரே இரைச்சல்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வேனைப் பார்த்து நடந்தாள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா பார்த்த மாப்பிள்ளை, பெரிய வேலை, பெரிய வீடு. அதற்குள், நாளைக்கே, இவர்கள் இருவரும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அந்த ஊரில் திருமணப் பதிவாளர் கூப்பிட்ட இடத்துக்கே வருவார். ஆனால் எந்த இடம் என்று முதல் நாள் மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அந்த முதல் நாள், இன்றைக்கு.

நாலு சுவருக்குள் கையெழுத்துப் போட அவள் ஒப்புக்கொள்ளவில்லை. காது மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது அவள் வேலை. காற்றுகூட நுழையாத கண்ணாடிப் பெட்டி அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்து, ‘பீப் கேட்டா கையைத் தூக்குங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பவள். “கல்யாணமாவது வானத்துக்குக் கீழ நடக்கட்டும்” என்றாள். நியாயமான ஆசை.

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். கையில் எந்நேரமும் ரசமட்டம் இருப்பதால் எல்லாரும் வைத்த பெயர் ‘மட்டம்’. காதல் தெரிந்த அன்று அவள் அம்மா, “அவன் பேரே மட்டம்! இதுக்கு மேல நான் என்னடி விசாரிக்கணும்?” என்று கேட்டாள். அவள் விடவில்லை. “பேர்ல என்னம்மா இருக்கு? அவன் சொந்தக் கால்ல நிக்கறவன்!”

அந்தச் சொந்தக் கால்களில்தான் சிக்கல்.

பத்து வருடமாகத் தரையில் முட்டி போட்டே வேலை செய்து மட்டத்தின் இரண்டு முட்டிகளும் தேய்ந்துவிட்டன. மடக்கினால் துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம். மடக்கியதை நீட்ட இன்னொரு ஆள் வேண்டும். ‘இதே வேலையை இதே மாதிரி செஞ்சா, சீக்கிரம் நிக்கறதுக்கே ஆள் வைக்க வேண்டியிருக்கும்’ என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. அது அவளுக்குத் தெரியாது. பெயிண்டருக்கு மட்டும் தெரியும்.

“சொல்லித் தொலைடா” என்றான் பெயிண்டர், அவள் வேனுக்குள் ஏறியதும்.

“எப்படிச் சொல்றது? அவங்க அம்மாகிட்ட என் காலை வச்சுத்தான் சண்டையே போட்டிருக்கா. ‘ஒரு மாசமா ஏன் மறைச்சே’ன்னு கேட்டா என்ன பதில் சொல்வேன்? ஞாயித்துக்கிழமை வர்றவனுக்கு ரெண்டு முட்டியும் புதுசா இருக்கும்.”

“அதுக்காக? அவளைத் தண்ணியிலயே விட்டுடுவியா?”

“உக்காந்திருந்தா நானும் உள்ள விழுந்திருப்பேன்டா. அப்புறம் ரெண்டு பேரையும் நீதான் தூக்கணும்.”

அடுத்தது மலையுச்சி. அவள் படிகளில் மான் மாதிரி ஏறிப் போய்விட்டாள். மேலேயிருந்து குரல் வந்தது.

“மேல வா! வானம் கைக்கு எட்டுது! ஒரு சத்தம் இல்ல, அவ்ளோ நிம்மதி!”

மட்டம் முதல் படியில் ரசமட்டத்தை வைத்து, தலையைச் சாய்த்து, ஆழ்ந்து யோசித்தான்.

“முதல் படியே கோணல்!” என்று கத்தினான்.

“படியை யாரு கட்டிக்கப் போறா? என்னை வந்து பாருடா!”

“இங்கேர்ந்தே தெரியுது! சரிவு அதிகம். நாற்காலி போட்டா உருண்டுடும்!”

“நாற்காலியே கிடையாதே! நின்னுக்கிட்டுதானே கல்யாணம்?”

“பதிவாளரம்மா வயசானவங்க!”

“அவங்க மலையேற்றக் கழகத்துல உறுப்பினர்னு நீதானே சொன்னே!”

மாட்டிக்கொண்டான். அவள் இறங்கி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. “உனக்கு இந்த இடமும் பிடிக்கலை. சரி. உனக்கு எதுதான் பிடிக்கும்னு பாத்துடலாம்.”

வேனில் பெயிண்டர் வலப்பக்கம் ஓட்ட, அவள் நடுவில், மட்டம் இடப்பக்க ஜன்னலோரம். சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் திடீரென்று தைரியம் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாக ஆரம்பித்தான்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் கால்ல கொஞ்சம் பிரச்சினை.”

அவள் நேராகச் சாலையைப் பார்த்தாள். பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பி, “அண்ணே, அடுத்த இடம் இன்னும் எவ்ளோ தூரம்?” என்றாள்.

மட்டம் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டான். கேட்டுவிட்டாள், கேட்காத மாதிரி இருக்கிறாள் என்று முடிவு கட்டினான்.

மூன்றாவது இடம் ஏரிக்கரை. இறங்கியவுடன் அவன் முகம் மலர்ந்தது. கரை நெடுகக் கல் பாவிய நடைபாதை. எந்தக் கைகாரன் பாவினானோ, ஓர் இடத்திலும் மேடு பள்ளம் இல்லை. ரசமட்டத்தை வைத்தான். குமிழி நட்டநடுவில் வந்து, தியானத்தில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் நின்றது.

“இங்கதான்!” என்றான். “தண்ணி இருக்கு, மரம் இருக்கு, வானம் எவ்ளோ வேணும்னாலும் இருக்கு. பாரு, குமிழியே சொல்லுது!”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். “வேணாம்.”

“ஏன்?”

“வாத்து கத்துது.”

“வாத்து கத்தாம பாட்டா பாடும்?”

“அந்தப் பக்கம் மோட்டார் படகு வேற. பதிவாளரம்மா சொல்றது எனக்குக் கேக்கணும். நீ சொல்றதும் கேக்கணும்.”

பெயிண்டர் குறுக்கே வந்தான். “என்ன தங்கச்சி, அவன் என்ன சொற்பொழிவா ஆத்தப் போறான்? ‘சம்மதம்’னு ஒரே வார்த்தை. கேக்கலைன்னா கையைத் தூக்கச் சொல்லு. உன் ஆஸ்பத்திரி மாதிரியே ஆயிடும்.”

அவள் சிரிக்கவில்லை. மட்டம்தான் விழுந்து விழுந்து சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. வாத்துக்காக ஒரு பெண் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவாளா? ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவன் வீட்டில் வாத்து இருக்காது. இடம் பார்க்கிற சாக்கில் பொழுதை ஓட்டுகிறாள், மாலை ஆனதும் ‘நேரமாயிடுச்சு’ என்று கழன்றுகொள்வாள். அவனுக்குத் தோன்றியது அவ்வளவும் அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பெயிண்டரின் கைபேசி அலறியது. பதிவாளர்.

“எங்க வரணும்னு முடிவு பண்ணியாச்சா? எனக்கு நாளைக்கு இன்னும் ரெண்டு ஜோடி இருக்கு. ஒண்ணு தென்னந்தோப்பு, ஒண்ணு கலங்கரை விளக்கம். அவங்கல்லாம் போன வாரமே சொல்லிட்டாங்க. உங்க ஆளுங்க ஓடிப்போறாங்களா, நடந்து போறாங்களா?”

“இதோ, கொஞ்ச நேரத்துல சொல்லிடறோம் மேடம்” என்றான் பெயிண்டர் பவ்யமாக. வைத்ததும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஏறுங்க. இனி கிடைக்கிற முதல் இடம்தான்.”

கோபத்தில் ஓட்டினான். கோபத்தில் தப்பான வளைவில் திரும்பினான். சாலை ஒரு வெள்ளை இரும்புக் கேட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வண்டியைத் திருப்ப இடம் தேடி அவன் இறங்க, இருவரும் பின்னாலேயே இறங்கி, கேட்டைத் திறந்து உள்ளே நடந்தார்கள்.

பச்சைப் புல்வெளி. இருபுறமும் உயரமான மரங்கள், அடியில் உதிர்ந்த மஞ்சள் பூக்கள். நடுவில் நீளமாக ஒரு கல் பாதை. இலை விழுந்தால் கேட்கும் அமைதி. மட்டம் ரசமட்டத்தை வைக்கக்கூட இல்லை. பாதத்திலேயே தெரிந்தது, அப்படி ஒரு சமம். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள்.

“இதுதான்!” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

இன்றைக்கு முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் வந்த பெயிண்டர் வரிசையாக நின்ற கற்களைக் காட்டினான்.

“இது கல்லறைத் தோட்டம்.”

“தெரியுதே” என்றாள் அவள். “கல்லு இருக்கு.”

“நல்ல கல்லு” என்றான் மட்டம். “பளபளன்னு இழைச்சிருக்காங்க.”

“ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அருவி வேணாம், மலை வேணாம், ஏரி வேணாம், இது வேணுமா? விருந்தாளிங்க இவங்கதானா? யாரும் மொய் எழுத மாட்டாங்கடா!” பெயிண்டர் தலையில் கைவைத்தான். “இங்க பாருங்க, காலையிலேர்ந்து உங்க ரெண்டு பேர் வாயிலேர்ந்தும் ஒரு உண்மை வரலை. இவனுக்குச் சரிவாம், அவளுக்கு வாத்தாம். யாருக்கு இந்தக் கல்யாணம் வேணாமோ சொல்லிடுங்க. நான் அந்தம்மாவைத் தென்னந்தோப்புக்கு அனுப்பிடறேன்.”

புல்வெளியோரம் ஒரு கல் பெஞ்ச். அவள் போய் உட்கார்ந்தாள். மட்டம் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தவணை தவணையாக இறங்கி, அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். முட்டிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிரீச்சிட்டன. தன் செருப்பையே பார்த்தபடி வாய்க்குள்ளேயே பேசினான்.

“எனக்கு முட்டி ரெண்டும் போச்சு. அதான் உண்மை. காலையில உன்னைத் தூக்காம நின்னதும் அதனாலதான். டாக்டர் தரை வேலையே வேணாம்னுட்டாரு. ‘சொந்தக் கால்ல நிக்கறவன்’னு நீ சொல்றப்பல்லாம் எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும். உனக்கு ஞாயித்துக்கிழமை ஆளே நல்லவன்னு தோணினா, நான் எதுவும் சொல்ல மாட்டேன். இப்பவே சொல்லிடு.”

பேசி முடித்துக் காத்திருந்தான். வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக அவன் பேசியதே இல்லை.

அவள் எதிரே இருந்த மரத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள். “அந்த மரத்தடியில நின்னா நல்லா இருக்கும், இல்ல?”

மட்டத்துக்கு உலகம் இருண்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தான். அதற்கே நேரம் பிடித்தது.

“ஏம்மா தங்கச்சி!” பெயிண்டருக்குக் குரல் உடைந்தது. “உசிரைக் கொடுத்துப் பேசறான் அவன். நீ மரம் பாக்கறியா? கல்நெஞ்சம்மா உனக்கு!”

அவள் சட்டென்று திரும்பினாள். பாதி எழுந்தும் எழாமலும் வளைந்து நிற்கிற காதலனைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“என்ன சொன்னே? எப்ப சொன்னே?”

“இப்பதான்!”

“இன்னொரு தடவை சொல்லு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மரத்திலிருந்த பறவைகள் பறக்கும்படி கத்தினான். “என் முட்டி போச்சு! ரெண்டும் போச்சு! தரை வேலை செய்ய முடியாது! போதுமா?”

கல்லறைகள் அமைதியாகக் கேட்டுக்கொண்டன.

அவள் அவன் முட்டிகளைப் பார்த்தாள். பிறகு, “சுவத்துக்கு யாரு டைல்ஸ் ஒட்டுவா?” என்றாள்.

“என்னது?”

“சுவத்துக்கு ஒட்டறதுக்கு நின்னா போதும்ல?”

“மேல் பாதிக்கு நின்னா போதும். கீழ் பாதிக்கு உக்காரணும்.”

“கீழ் பாதிக்கு ஆள் வை. இதுக்கா ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தே? என்னை வேணாம்னு சொல்லத்தான் நீ வழி தேடறேன்னு நினைச்சு, அந்த மலைமேல நின்னு நான் அழுதேன்டா, மக்கு!”

பெயிண்டரிடமிருந்து கைபேசியைப் பிடுங்கினாள். “மேடம், இடம் முடிவாயிடுச்சு. கல்லறைத் தோட்டம்... இல்லல்ல, மேடம், வைக்காதீங்க! கேட்டுக்கு வெளியே புல்தரை இருக்கு, மரம் இருக்கு. ஆமா, ஓடித்தான் போறோம். மாப்பிள்ளை மட்டும் மெதுவா ஓடுவாரு. நாங்களே ஒரு நாற்காலி கொண்டுவர்றோம்.”

மட்டம் மறுபடி தவணை தவணையாக உட்கார்ந்தான். இந்தத் தடவை வலிக்கவில்லை, அல்லது வலித்தது தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது.

“அது சரி, நான் அவ்ளோ பேசினப்ப நீ ஏன் மரத்தையே பாத்துக்கிட்டு இருந்தே? வேன்லயும் சொன்னேன். அப்பவும் கண்டுக்கலை.”

அவள் பெயிண்டரைப் பார்த்தாள். “அண்ணே, வண்டியைத் திருப்பி வைக்கறீங்களா?”

அவன் கேட்டைத் தாண்டிப் போகிறவரை காத்திருந்தாள். பிறகு எழுந்து, பெஞ்சைச் சுற்றிவந்து, அவனுடைய மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சிரிக்க மாட்டேன்னு சொல்லு. ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா, ‘காது டெஸ்ட் பண்றவளைப் பாரு’ன்னு ஊரே சிரிக்கும்.”

“சிரிக்க மாட்டேன். சொல்லு.”

“எனக்கு இடது காது கேக்காது. பிறந்ததிலேர்ந்தே.”