யாருக்குச் சொல்வது நன்றி

நடிகை வனஜரூபா எங்கள் வீட்டு உள்ளறையில் வந்து உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் திருகோணமலையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். வந்த இருவரில் யார் வனஜரூபா என்பதே அன்று எனக்குப் பிடிபடவில்லை. இந்த லட்சணத்தில் மற்றவர்களோடு நான் என்னத்துக்குச் சண்டை பிடிப்பது?

அவளுடைய ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் தியேட்டர். மேலே தகரக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு. படம் பார்க்கப் போவது எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமில்லை. ஆனால் சத்தம் மதிலேறி வந்தால் அதற்கு நாங்கள் என்ன செய்வது?

என் கணவர் ஸைனுலாப்தீன் கொட்டியாரக் குடாவில் வள்ளம் கவிழ்ந்து மௌத்தானார். நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே நான் இத்தா இருந்தேன். வாசற்படி தாண்டக்கூடாது, பிற ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எழும்பவே மனமில்லாமல் கிடந்தவளுக்கு வாசல் எதற்கு? அப்போது மழைக்காலம். கொழும்பிலிருந்து வேறு படப்பெட்டி வராமல் வனஜரூபாவின் ஒரே படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதிலும் ஒருத்தி புருஷனைப் பறிகொடுக்கிறாள். அழுது தீர்த்துவிட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்: “அழுதது போதும், எழுந்து அடுப்பை மூட்டு.”

ஒருநாள் அது என்னையே அதட்டியதுபோல் இருந்தது. எழும்பினேன். அடுப்பை மூட்டினேன். என் கையால் சமைத்து வயிறாரச் சாப்பிட்டேன். இவளை என்றைக்காவது கண்டால் ஒரு நன்றி சொல்லாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டேன். கடலுக்கு அப்பால் இருக்கிறவளை எங்கே காண்பது என்று யோசிக்கிற புத்தி எனக்கு எப்போதுமே கிடையாது.

அறுபத்தாறாம் ஆண்டு அவளே வந்துவிட்டாள். கோணேசர் கோயிலுக்கு வந்தவளை ஏற்றிவந்தது வாடகைக் கார் ஓட்டுகிற என் நானா, கூடப்பிறந்த மூத்தவர், அபூதாஹிர்தான். திரும்பி வரும் வழியில் டயர் காற்றுப் போய்விட்டது. ஆளைக் கண்டுகொண்ட சனம் காரை மொய்த்துவிட்டது. கூட்டம் நுழைய முடியாத இடம் ஊரில் வேறென்ன இருக்கிறது? பின்வழியால் எங்கள் வீட்டுப் பெண்கள் பகுதிக்குக் கூட்டிவந்து விட்டார்.

“ஸல்ஹா, நடிகை வந்திருக்கிறா. டயர் மாத்தும்வரைக்கும் உள்ளுக்கு வெச்சிக்கொள்ளு” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

வந்தது இரண்டு பெண்கள். ஒருத்தி சிவந்தவள், கறுப்புக் கண்ணாடி, பட்டுச் சேலை. கதிரையில் உட்கார்ந்தவள் வாயே திறக்கவில்லை. மற்றவள் மெலிந்து கறுத்தவள், நூல் சேலை, கையில் பை. அவள்தான் கேட்டாள்.

“அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

என் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. அதே குரல்! நித்திரையிலும் நான் கண்டுபிடிக்கிற குரல். ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்து விட்டேன்.

“நீங்களா புள்ள! நீங்க இல்லாட்டி நான் எழும்பியிருக்கவே மாட்டன்” என்று தொடங்கி வள்ளம், இத்தா, அடுப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெலவெலத்துப் போனாள்.

“ஐயோ அக்கா, நான் கூட வந்தவ, பேர் பாக்கியம். அம்மாதான் நடிகை.”

அந்தக் குரலிலேயே அதை மறுக்கிறாள்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய் சொல்லாதீங்க. எனக்குத் தெரியாதா?” என்றேன்.

கதிரையில் இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள். “நான்தான் வனஜரூபா” என்றாள். தடித்த குரல். தெலுங்கு வாடை வேறு.

“நீங்க சும்மா இரிங்க. அவவைப்போல கதைக்க உங்களுக்கு ஏலாது” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். “எங்க, அடுப்பை மூட்டுன்னு சொல்ற அந்தக் கதையைச் சொல்லுங்க பாப்பம்.”

சொன்னாள். அந்தச் சொற்கள் கதிரையில் இருந்தவள் வாயில் ஒட்டவே இல்லை. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, அம்மா நடிப்பாங்க, நான் குரல் கொடுப்பேன். இது வெளியே தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும். அம்மாவுக்கும் பேர் போயிடும்.”

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். வனஜரூபா நடிப்பை விட்டு வருடக்கணக்காகிவிட்டது. இனி யாருக்கும் நட்டமில்லை என்றுதான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

ஆனால் அன்று என் தலை கிறுகிறுத்தது. முகம் ஒருத்தி, குரல் ஒருத்தி என்றால் என்னை எழுப்பிவிட்டது யார்? இத்தனை வருடம் நான் நேசித்தது எவளை? நன்றியைக் கறுத்தவளிடம் சொல்லியாகிவிட்டது. அது சரியான இடத்துக்குத்தான் போனதா என்று தெரியவில்லை. சொன்னதைத் திருப்பி வாங்கவும் முடியாது.

வனஜரூபா மெதுவாகப் பேசினாள். “அந்தக் காட்சி எடுத்தபோது என் புள்ள செத்து ஒரு மாசம்கூட ஆகலை. அந்தக் கண்ணீர் நடிப்பு இல்லே. ஊரெல்லாம் அதைப் பார்த்துச்சு. நீ பார்க்கலை.”

“நான் எப்பிடிப் பாக்கிற? மதிலுக்கு இங்காலதானே இருந்தனான்” என்றேன். என் குரல் எனக்கே குற்றவாளியின் குரல்போல் கேட்டது.

வெளியே நானா ஹோர்ன் அடித்தார். பாக்கியம் பையை எடுத்தாள். வனஜரூபா மட்டும் அசையவில்லை.

“காதைப் பொத்திக்கோ” என்றாள். “பொத்திக்கிட்டு ஒரு தடவை என்னைப் பாரும்மா.”

இரண்டு காதையும் இறுக்கிப் பொத்தினேன். ஹோர்னும் தெருச் சத்தமும் அடங்கின. அவள் முகம் மட்டும் எதிரே இருந்தது. அது மெல்லக் கலங்கியது. உதடு நடுங்கியது. கண் நிறைந்து வழிந்தது. பிறகு அழுகையை ஒரு விழுங்கில் விழுங்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. எழும்பு என்கிறாள் என்று என் நெஞ்சுக்குத் தெரிந்தது.

காதைப் பொத்தியபடியே அவளுக்கும் நன்றி சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. தெருமுனை வரைக்கும் கேட்டதாம், நானா சொன்னார்.