முப்பத்துநாலு பச்சைக் கட்டங்கள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பதினோரு வருடமாகத் தொண்டை கட்டியே இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பத்துநாலு பேர் இருக்கும் அறையில் மெல்லப் பேசிக் காலம் தள்ள முடியாது. உப்பு போதுமா என்று கேட்பதுகூட ஊரைக் கூட்டுவது மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கணவர் கேலி செய்வார். அந்த வருடம் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிலேட்டு அளவில் தொடுதிரையோடு ஒரு டேப் வந்தது. ஒரே மாதத்தில் டீச்சரின் தொண்டை சரியாகிவிட்டது.

டேப் நல்ல சாமான்தான். கணக்குப் போட்டால் அந்த நொடியே திருத்தித் தரும். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு ஒரே வரியை இருபது தடவை சலிக்காமல் படித்துக் காட்டும். ஆனால் அதற்குள் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. மேலே இருக்கும் கேமரா பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முகம் திரைக்கு நேராக இருந்தால் டீச்சரின் கணினியில் அந்தப் பிள்ளைக்கு உரிய கட்டம் பச்சை. ஒரு நிமிடத்துக்கு மேல் முகம் காணாமல் போனால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் வகுப்பு மொத்தத்துக்கும் புள்ளி குறையும். கவனப் புள்ளி என்று அதற்குப் பெயர். எந்த வகுப்பு முதலிடம், எது கடைசி என்று தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு பெரிய திரையில் நாள் முழுக்க ஓடும்.

மூன்றாம் வகுப்பு ஆறு வாரமாக முதலிடத்தில் இருந்தது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளியைப் பார்க்க யார் வந்தாலும் தலைமையாசிரியர் நேராக அந்த வகுப்பு வாசலுக்குத்தான் அழைத்து வருவார். ஊசி விழுந்தால் கேட்கும் பாருங்கள் என்பார். கேட்கும்தான்.

வகுப்பில் ஒரு சிறுமிக்கு மட்டும் இது பெரும்பாடாக இருந்தது. அவளை எல்லோரும் வெட்டுக்கிளி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட. ஏழாம் வாய்ப்பாட்டை ஒற்றைக்காலில் நின்றபடி தப்பில்லாமல் ஒப்பிப்பாள். உட்காரவைத்தால் நாலேழு இருபத்தெட்டோடு வண்டி நின்றுவிடும். முதல் வாரத்தில் வகுப்புக்கு விழுந்த சிவப்பில் பாதி அவளால் விழுந்தது. டீச்சர் திட்டவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கைவைத்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீ எழுந்திரிச்சா புள்ளி உனக்கு மட்டும் போகாதுடா செல்லம். எல்லாருக்கும் போகும்."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். அதற்கப்புறம் டீச்சர் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மற்றதை வகுப்பே பார்த்துக்கொண்டது. அவள் நாற்காலி லேசாக முனகினாலும் நாலு பக்கமிருந்தும் 'உஸ்' என்று வரும். இரண்டாவது மாதத்தில் வெட்டுக்கிளியின் கட்டமும் மற்றவர்களுடையதைப் போலவே பச்சையாகிவிட்டது. பொண்ணு தேறிவிட்டாள் என்று டீச்சர் நினைத்தார்.

அது நடந்தது ஒரு புதன்கிழமை, மூன்றாவது பீரியடில். இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பிள்ளைகள் டேப்பில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தன் மேசையில் கணினியைப் பார்த்தபடி இருந்தார். முப்பத்துநாலு கட்டமும் பச்சை. எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முன்வரிசையில் வெட்டுக்கிளியின் நாற்காலிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஈரம் பரவி, பக்கத்து நாற்காலிக் கால்வரை போயிருந்தது. அவள் அசையவில்லை. முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் உதட்டைக் கடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

டீச்சர் ஓடிப்போய் அவளைத் தூக்கினார். பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய்த் தானாகவே சொல்லிவிட்டாள்: வெட்டுக்கிளி அப்போதே பாத்ரூம் போகவேண்டும் என்றாளாம், இன்னும் கால் மணி நேரம்தானே அடக்கிக்கொள் என்று தான்தான் சொன்னாளாம்.

ஆயாவைக் கூப்பிடாமல் டீச்சரே தரையைத் துடைத்தார். விளையாட்டு அறையிலிருந்து ஒரு மாற்று உடுப்பைத் தேடிக் கொண்டுவந்து போட்டுவிட்டார். எல்லாம் முடிந்து மேசைக்குத் திரும்பியபோது கணினியில் அந்தப் பீரியடின் அறிக்கை வந்திருந்தது. வெட்டுக்கிளியின் பெயருக்கு நேரே, அவளைத் தூக்கிய நிமிடம் வரைக்கும், முழுக் கவனம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.  தன் கண்ணெதிரே இரண்டு கை தூரத்தில் ஒரு குழந்தை தவித்திருக்கிறது. தானோ அந்தக் குழந்தையைப் பார்க்காமல் அதன் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

தகவல் சொல்லி ஒரு மணி நேரத்தில் அவள் அம்மா வந்தார். ஆயத்த ஆடை தயாரிக்கும் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைப்பவர். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. கழுத்தில் கயிற்றில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நடந்ததை டீச்சர் ஒன்றுவிடாமல் சொன்னார். தான் தோளில் கைவைத்துச் சொன்னதையும் சொன்னார். அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டு, கழுத்திலிருந்த அட்டையைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"இது பாத்ரூம் அட்டை டீச்சர். எங்க வரிசையில நாப்பது பேரு, அட்டை ரெண்டுதான். இது கையில இருந்தாத்தான் எழுந்திரிக்கலாம். அவசரத்துல இதோடயே ஓடி வந்துட்டேன், இப்ப அங்க ஒரு அட்டைதான் இருக்கும். எனக்குப் பழகிப்போச்சு. காலையில தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன். என் பொண்ணுக்கு இது வேண்டாம்னுதான் ஸ்கூலுக்கு அனுப்புறேன். நீங்க எட்டு வயசுலயே பழக்குறீங்க."

குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். மகளைக் கூட்டிக்கொண்டு அவர் போனபிறகும் டீச்சர் வாசலிலேயே நின்றார். முதலில் வந்தது வெட்கம். வெட்கம் அடங்குவதற்குள் கோபம் வந்தது.

கோபத்தோடேயே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். ஆனால் அன்றைக்கு அவருக்கு இது தரையைக் கழுவிவிட்டால் முடிந்துபோகிற விஷயமாகப் பட்டது. குழந்தை வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்றார். இனிமேல் பீரியடுக்கு முன்னால் எல்லோரையும் ஒருதரம் அனுப்பிவிடுங்கள் என்றார். முகம் பார்க்கிற அந்த வேலையை நிறுத்திவிட்டு டேப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று டீச்சர் கேட்டதற்கு, அது டேப்போடு சேர்ந்தே வருவது, பிரிக்க முடியாது, கம்பெனி அப்படித்தான் செய்திருக்கிறது என்று கையை விரித்தார்.

டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டார். எடுத்த இளைஞன் பணிவாகப் பேசினான். அதைத் தனியாக நிறுத்தலாம், செட்டிங்ஸில் இருக்கும் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும் என்றான். அப்புறம் சொன்னான்: "நாங்க அதை ஆஃப்லதான் வச்சுக் குடுப்போம் மேடம். சின்ன வகுப்புக்கு வேண்டாம்னு கையேட்டுலயே போட்டிருக்கு. உங்க ஸ்கூல்லதான் கேட்டு ஆன் பண்ணிக்கிட்டாங்க."

டீச்சர் ஃபோனை வைத்தார். அதுவரை ஏதோ ஒரு மெஷின்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். மெஷின் தன் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறது. பிள்ளைகளைக் கட்டிப்போட வேண்டும் என்று ஆசைப்பட்டது மனிதர்கள். அந்த மனிதர்களில் தானும் ஒருத்தி. தொண்டை சரியானதில் சந்தோஷப்பட்டவள்.

அந்த டிக்கை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி இருந்தது. மறுநாள் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் முப்பத்துநாலு டேப்பின் முன்பக்கக் கேமராமேலும் ஒவ்வொரு துண்டு ஒட்டினார். பின்பக்கக் கேமராவை விட்டுவைத்தார். அது வேலைக்கு ஆகும்.

ஒன்பதே கால் மணிக்கு முப்பத்துநாலு கட்டமும் சிவப்பாகிவிட்டன. டீச்சர் கணினியை மூடிவைத்தார். பிள்ளைகளை நாலைந்து பேராகப் பிரித்து, கோஷ்டிக்கு ஒரு டேப் கொடுத்து வராந்தாவுக்கு அழைத்துப் போனார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை அடி என்று முதலில் ஊகிக்க வேண்டும், பிறகு கால் வைத்து அளக்க வேண்டும், எண்ணிக்கையை டேப்பில் போட வேண்டும். டேப் அதைப் பட்டை பட்டையாக வரைந்து காட்டியது. ஒருத்தனுக்கு நூற்றுப்பத்து, இன்னொருத்திக்கு நூற்று முப்பத்தெட்டு. ஒரே வராந்தாதானே, அதெப்படி என்று சண்டை வந்தது. சண்டை முற்றி, செருப்பைக் கழற்றிப் பாதத்தோடு பாதம் வைத்துப் பார்த்த பிறகு விடை அவர்களுக்கே கிடைத்தது. அப்புறம் தாண்டிக் குதித்ததைப் படம் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, கால் எங்கே தரையை விடுகிறது என்று பார்த்தார்கள். வெட்டுக்கிளி மட்டும் சுவரில் சாய்ந்து நின்றாள். டீச்சர் கூப்பிட்டதற்கு, "நான் வந்தா புள்ளி போகும் மிஸ்" என்றாள்.

டீச்சர் அவள் பக்கத்தில் போய்த் தானும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. பள்ளிச் சாதனங்களைச் சேதப்படுத்தியதற்கும் வகுப்பின் புள்ளியைப் பூஜ்யமாக்கியதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆசிரியர் அறையில் சிலர் பரிதாபப்பட்டார்கள், சிலர் உனக்கெதற்கு வீண்வம்பு என்றார்கள். இரண்டாம் வகுப்பு டீச்சர் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் மாலையில் நிரம்பியபடியே வீட்டுக்குப் போகிறது, கவனித்தாயா என்று கேட்டார். இவர் கவனித்திருக்கவில்லை. அன்று மாலை கேட்டில் நின்று, பிள்ளைகளை அழைக்க வந்த பெற்றோரைப் பாட்டிலைத் திறந்து பார்க்கச் சொன்னார். முப்பத்துநாலில் இருபத்தொரு பாட்டில் திறக்கவே படவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் புள்ளிப் பட்டியலைச் சுவரில் காட்டி, எல்லா வகுப்பும் முன்னேறியிருக்கிறது, ஒரு வகுப்பு மட்டும் தற்சமயம் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் எழுந்தார். பதினோரு வருடத்துக் குரல் முழுசாகத் திரும்பி வந்தது.

"பின்தங்கலை சார். நான்தான் கேமராவை மறைச்சு ஒட்டினேன். அதுக்கு முன்னாடி ஒரு தப்பு பண்ணினேன், அதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். எழுந்திரிச்சா எல்லாருக்கும் புள்ளி போகும்னு ஒரு குழந்தைகிட்ட சொன்னேன். அது எழுந்திரிக்காமலே இருந்துச்சு. தண்ணி குடிக்கப் பயப்படற பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நாம முதலிடம்னு போர்டு போட்டுக்கறோம். டேப் வேணும் சார், நல்ல சாமான். அது பிள்ளைங்களைப் படிக்க வைக்கட்டும். வேவு பாக்க வேண்டாம்."

கம்பெனிக்காரன் சொன்னதையும் மறைக்கவில்லை. பிரிக்க முடியாதது என்று சொன்னீர்களே, ஒரு டிக்தானாமே என்றார். தலைமையாசிரியர் மைக்கை மேசையில் வைத்தார். ஒரு தகப்பனார் எழுந்து, பிள்ளைகள் ஒழுங்காக உட்காரப் பழகுவது நல்லதுதானே என்று ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து வெட்டுக்கிளியின் அம்மா பேசினார்.

"நான் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உக்காந்திருக்கேன். அதைப் பழக ஸ்கூலு வேண்டாம்ங்க."

அந்தத் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகனின் பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமையன்று ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு அந்த டிக்கை எடுத்துவிட்டார்கள். நாலிலும் ஐந்திலும் இருக்கட்டும், அவர்கள் பெரிய பிள்ளைகள் என்று முடிவானது. தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்த திரை அப்படியே இருந்தது, அதில் இரண்டு வகுப்பு மட்டும் ஓடியது. மெமோவையும் திரும்பப் பெறவில்லை. விளக்கம் எழுதித் தராவிட்டால் மேல் நடவடிக்கை என்று நினைவூட்டல் வந்தது. டீச்சர் இரண்டு பக்கம் எழுதினார். வருந்துகிறேன் என்ற சொல்லை ஒரே ஓர் இடத்தில், அந்தக் குழந்தையைப் பற்றிய வரியில் மட்டும் போட்டார். பிளாஸ்திரிக்கு வருந்தவில்லை.

வெட்டுக்கிளி நாற்காலியை விட்டுத் தானாக எழுந்திருக்க ஒரு மாதத்துக்குமேல் ஆனது. எழுந்தாலும் போவதற்கு முன்னால் ஒருதரம் டேப்பைத் திரும்பிப் பார்ப்பாள். 

வருடக் கடைசியில், அடுத்த வருடம் யார் எந்த வகுப்பு எடுப்பது என்று கேட்டுத் தாள் வந்தது. பதினோரு வருடமாக மூன்றாம் வகுப்பு என்று எழுதிய டீச்சர், யோசிக்காமல் நாலாம் வகுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியர் அதை வாங்கிப் படித்துவிட்டு, அங்கே டிக் இருக்கிறது தெரியுமில்லையா என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றார் டீச்சர். "அதனாலதான்."