குடிக்காதவன் வயிறு

அமிர்தலிங்கம் குடிக்கிறான் என்று முதலில் சொன்னவர் எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ராஜநாயகம். 1979-ஆம் வருஷம், மழைக்காலம். மருந்து வாங்க வந்த பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போதே சொன்னார்.

அமிர்தலிங்கத்துக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அறையில் வேலை. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனால் போதும், வயிறு உப்பிக்கொள்ளும். மேல்வயிற்றில் பிடிக்கும் வலி முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகும். அஜீரணம் என்று நான்கு வருஷமாக வெள்ளை மருந்தைக் கொடுத்துப் பார்த்த ராஜநாயகம் அன்று பொறுமை இழந்தார்.

"இந்த மாதிரி வயிறு யாருக்கு வரும்னு எனக்குத் தெரியாதாப்பா? சம்சுச் சாராயத்த விடு, எல்லாம் சரியாப் போவும்."

"நான் அதத் தொட்டதே இல்லீங்கய்யா."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவன் மனைவி நவமணியின் காதுக்கு அது வந்து சேர்ந்தது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பா சம்சு குடித்தே செத்தவர். அவர் கடைசி நாட்களில் வாந்தி அள்ளியவள் அவள்தான். குடிக்காத மாப்பிள்ளை என்பதற்காகவே அமிர்தலிங்கத்தைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தவள்.

அன்று சாயங்காலமே கேட்டாள். ஆறு வயது மகள் செல்வியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். ஒரு மாதம் அவள் நம்பினாள். பிறகு அவனைக் கவனிக்கத் தொடங்கினாள்.

கவனிக்கக் கவனிக்க எல்லாம் பொருந்தி வந்தது. அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவான். பொழுது சாய்ந்தால் யாரிடமும் சொல்லாமல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் காட்டுப்பக்கம் போவான், முகம் வெளுத்துத் திரும்பி வருவான். நெய் ஊற்றிச் சோறு பிசைந்து கொடுத்தாலும் உடம்பு ஒட்டவில்லை. கடைசியில் விறகு அடுக்கின் பின்னால் ஒரு சம்சுப் போத்தல் அகப்பட்டது. பாதி இருந்தது. அவள் அதை வாசல் கல்லில் போட்டு உடைத்தாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரிங்லெட் டவுனில் இருந்த அண்ணன் பழனியப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏழு மாதம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அமிர்தலிங்கம் பஸ் ஏறி வந்து வீட்டெதிரே நிற்பான். பழனியப்பன் அவனை உள்ளே விடுவதில்லை. "குடிய விட்டுட்டு வா லா, அப்புறம் பேசலாம்" என்பான். செல்வி ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவாள். ஒரு ஞாயிறு அவள் வந்து சொன்னாள்: "அப்பா சட்ட பெருசாயிடுச்சும்மா." நவமணி ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

ஒருநாள் அவன் உலர்த்தும் அறையிலேயே மயங்கி விழுந்தான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு லோரியில் கொண்டுபோனார்கள். அங்கே ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம் என்று கண்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டதால் நவமணி போனாள்.

சீன டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக்குக் குறுக்கே, உடைத்த நொய்யரிசியை இறைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. அவர் மலாயில் கேட்டதை ரோஸ்மேரி என்ற நர்ஸ் தமிழில் சொன்னாள்.

"குடிப்பாரான்னு கேக்கறாங்கக்கா."

"குடிப்பாரு" என்றாள் நவமணி.

கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

டாக்டர் அவனிடமே நேராகக் கேட்டார். வலி எப்போது ஆரம்பித்தது? பதினொரு வயசில், பள்ளிக்கூடம் போகும்போது என்றான். மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகுமா? ஆமாம் என்று தலையசைத்தான். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, மற்றவர்கள் திட்டுவார்கள், அதனால்தான் காட்டுப்பக்கம் போவேன் என்றான்.

டாக்டர் பேசப் பேச ரோஸ்மேரி மெதுவாகச் சொன்னாள்.

"இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்குக்கா. திங்கறத செரிக்க வைக்கிற நீர் அதுலேருந்துதான் வரும். இவருக்குச் சின்ன வயசுலேயே அதுல கல்லு கட்டிப்போச்சு. நீரு வரல. அதனால நெய், எண்ணெய், கறி எது தின்னாலும் செரிக்காமலே வெளிய போயிருக்கு. சக்கரயும் அதனாலதான். இது குடிக்காதவங்களுக்கும் வருமாம். நம்ம ஆளுங்க நெறயப் பேருக்கு இப்படிப் பாத்திருக்காங்களாம்."

நவமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நெய்ச்சோறு பிசைந்து கொடுத்த கை அது. "தின்னுங்க, தின்னாத்தான் தெம்பு வரும்" என்று அவள் அதட்டியபோதெல்லாம், வலி வரும் என்று தெரிந்தே வாய் திறந்து வாங்கிக்கொண்டிருக்கிறான்.

எல்லாரும் போன பிறகு கேட்டாள். "அந்தப் போத்தல்ல என்னங்க இருந்துச்சு?"

"சீனன் கடையில வாங்குன வயித்து மருந்து. அவன்கிட்ட வேற போத்தல் இல்ல. நீ பாத்தா தப்பா நெனப்பேன்னு மறச்சு வெச்சேன்."

அன்று வாசல் கல்லில் இஞ்சி வாசம் அடித்தது அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

"குடிக்கலன்னு சொன்னேனே, புள்ள" என்றான் அவன்.

ஊசியும், சாப்பாட்டோடு விழுங்க மாத்திரைகளும் கொடுத்து அனுப்பினார்கள். நவமணி லயத்துக்குத் திரும்பினாள். முதல் முறையாக அவன் ஒரு தட்டுச் சோறு முழுக்கத் தின்றுவிட்டு, வலிக்காகக் காத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வலி வரவில்லை. "வரல, நவமணி" என்றான், பயந்தவன் போல. அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சோற்றைப் பார்த்தாலே பயந்து வாழ்ந்தவனுக்கு எது பிடிக்கும் என்று யோசிக்க நேரம் இருந்ததில்லை. ஒவ்வொன்றாகச் சமைத்துப் பார்த்தார்கள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு பிடித்தது. ஐந்து மாதத்தில் கன்னம் கொஞ்சம் நிறைந்தது.

அதற்குப் பிறகு கண் மஞ்சளாயிற்று. ஈப்போவில் அதே டாக்டரம்மா பார்த்தார். அதே கணையத்தில் புற்றுக்கட்டி. நாள்பட்ட புண்ணில் சிலருக்கு அப்படி வரும் என்றார், கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார். எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில், தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதுகிற நேரம், அவள் மடியில் தலை வைத்தபடியே அமிர்தலிங்கம் போய்ச் சேர்ந்தான்.

பழனியப்பன் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நாம பாவம் பண்ணிட்டோம் தங்கச்சி."

"நீங்க இல்லண்ணே" என்றாள் அவள். "அவரு புள்ள தலையில கை வெச்சுச் சொன்னது என்கிட்ட."

மூன்றாம் நாள் டிரஸ்ஸர் ராஜநாயகம் வந்தார். படி ஏறாமல் வெளியே நின்றார். நவமணி நாற்காலி எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கலந்து கொடுத்தாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"எனக்கும் தெரியலங்கய்யா. இனிமே யாராச்சும் வயித்து வலின்னு வந்தா, குடிக்கிறியான்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா, அதையும் ஒரு தடவ நெனச்சுப் பாருங்க."

அவர் குவளையைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டு, தலைகுனிந்தபடி மேட்டுப் பாதையில் ஏறிப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்வி பசிக்கிறது என்றாள். நவமணி எழுந்து அவளுக்குச் சோறு போடப் போனாள்.