ஜான் பீக்கு ஒன்பதாம் மாதம்

ஜான் பீக்கு வராத வியாதி கிடையாது. வாரத்துக்கு ஒன்று வரும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பன்னிரண்டு மணிக்குப் போய்விடும். ஒரே மாதத்தில் காசநோய், மஞ்சள் காமாலை, குடல்வால், பாம்புக்கடி நான்கும் அவளுக்கு வந்து போயின. பாம்புக்கடி வந்த அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாடு ஓடியது உண்மை. ஜான் பீதான் காரணமா என்பது மாட்டுக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். எழுபத்து நாலாம் வருஷம் இண்டூர் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றுக்கு மெட்ராஸிலிருந்து ஆறு டாக்டர் பிள்ளைகளைக் கிராமப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறு பேரும் கெட்டிக்காரர்கள். தடித்தடியான புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் எதிரே ஒரு கிராமத்துப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அவளிடம் என்ன கேட்பது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் தெரசா இரண்டு நாள் பார்த்தார். இவர்களை நிஜ நோயாளிகள்மேல் அவிழ்த்துவிட்டால் பாவம் நோயாளிகள் என்று தோன்றியது. பொய் நோயாளி ஒருத்தியைத் தேடினார். வளையல் கூடையோடு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இளைப்பாற உட்கார்ந்த ஜான் பீ அகப்பட்டாள்.

அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டாள். அவள் புருஷன் உசேன் தர்மபுரியில் சின்ன வளையல் கடை வைத்திருந்தான். இவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். இருபது வருஷமாகப் பெண்களின் கையைப் பிடித்து உட்கார்ந்து வளையல் போடுகிறவள். கையைப் பிடித்துவிட்டால் பெண்கள் பேசாமல் இருப்பார்களா? எந்த வீட்டில் யார் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"நம்ம ஊருப் பொம்பளைங்க எதுக்கு வந்தாங்களோ அத மட்டும் சொல்ல மாட்டாங்க டாக்டரம்மா. அசதியா இருக்குதும்பாங்க. பசி எடுக்கலம்பாங்க. கௌம்பறப்ப வாசப்படிக்கிட்ட நின்னுட்டு நெசத்தச் சொல்லுவாங்க" என்றாள் முதல் நாளே.

தெரசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்படியே நடிங்க. கேட்டா மட்டும் பதில் சொல்லணும். கேக்கலைன்னா வாயத் திறக்கக் கூடாது" என்று விதி போட்டார்.

ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி வேஷம் கொடுத்த அன்றைக்கு ஜான் பீ சிரித்தாள். நாற்பத்தெட்டு வயதில் வயிற்றில் துணியைக் கட்டிக்கொள்வதென்றால் சிரிப்பு வராதா. தெரசா பாடம் சொல்லிக்கொண்டே போனார். "கையும் காலும் வீங்கியிருக்கு. மூணு நாளா தலைவலி. கண்ணு முன்னால மின்மினி பறக்குது. இதெல்லாம் சேர்ந்தா ரத்த அழுத்தம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். கவனிக்காம விட்டா வலிப்பு வந்து தாயும் போயிடுவா, பிள்ளையும் போயிடும்."

"கை வீங்கியிருக்கறது எப்படிங்க தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாததா ஜான் பீ? போன மாசம் போட்ட வளையல் இந்த மாசம் ஏறாது."

ஜான் பீயின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் அஸ்கரி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். பச்சைக் கண்ணாடி வளையல் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். போட்டுப் பார்த்தால் ஏறவில்லை. தான் ஏற்றி ஏறாத வளையல் இல்லை என்று ஜான் பீக்கு ஒரு கர்வம் உண்டு. கூடையில் எப்போதும் ஒரு சோப்புத் துண்டு இருக்கும். சோப்பைக் குழைத்துத் தடவி, கட்டைவிரலை மடக்கி, முட்டியை அமுக்கி, கைக்கு ஏழாகப் பதினான்கு வளையலையும் ஏற்றிவிட்டாள். ஒன்றுகூட உடையவில்லை. தலை வலிக்கிறது என்று அஸ்கரி சொன்னபோது, பிள்ளைத்தாச்சிக்குத் தலைவலி வராதா என்றாள். மூன்றாம் நாள் வலிப்பு வந்து இறந்துபோனாள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். மய்யத்தைக் குளிப்பாட்டும்போது அந்த வளையல்கள் கழன்று வரவில்லை. ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தார்கள்.

பதினோரு வருஷமாகக் காத்து கருப்பையே திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது திட்ட ஆளில்லாமல் போயிற்று. துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு முறை சவுரியப்பனுடையது. ஆறு பேரில் ரொம்பச் சாது, ரொம்பப் பயந்தவன். "என்ன செய்யுது?" என்று கேட்டான். "சும்மா அசதிங்க" என்றாள். கண் இமையை இழுத்துப் பார்த்தான். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, நன்றாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டான். அவள் கையைத் தொடவில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"இந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமைக்குள்ள செத்துடுவா, சவுரியப்பன்" என்றார் தெரசா, எல்லோர் முன்னாலும். அவன் முகம் செத்துப்போயிற்று. அதைவிட அவனைக் கலக்கியது வேறொன்று. பொய் நோயாளி எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

இது நடந்து பத்து நாள் இருக்கும். இண்டூருக்கு மேற்கே ஒரு குடியானவர் வீட்டில் வளைகாப்பு. வீட்டுக்காரி ராமக்காள், வாய்க்காரி என்று பேர் வாங்கியவள். மகன் கிருஷ்ணப்பன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். மருமகள் சென்னம்மாளுக்கு ஒன்பதாம் மாதம். கம்பைநல்லூரிலிருந்து தாய்வீட்டார் சீரோடு வந்திருந்தார்கள். வளையல் போட்டு, சாப்பாடு முடிந்ததும், பெண்ணை அழைத்துக்கொண்டு மூன்று மணிப் பஸ்ஸுக்குப் போவதாக ஏற்பாடு.

ஜான் பீ கூடையைப் பிரித்து உட்கார்ந்தாள். சென்னம்மாளுக்குக் கல்யாணத்திலிருந்தே வளையல் போடுகிறவள் அவள்தான். ரெண்டேகால் அளவு. எடுத்துப் போட்டாள். முட்டியிலேயே நின்றுவிட்டது. ரெண்டரை எடுத்தாள். அதுவும் நின்றது. பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முகம் உப்பி, கண் இடுங்கி இருந்தது. விளக்கு வெளிச்சம் பட்டபோது முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள்.

"சோப்புப் போட்டு ஏத்துங்க பாயம்மா. உங்க கைக்கு ஏறாத வளையலா" என்றாள் ராமக்காள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

ஜான் பீயின் கை கூடைக்குள் போய்ச் சோப்பைத் தொட்டது. தொட்டதும் நெருப்பைத் தொட்டதுபோல வெளியே வந்தது.

"புள்ளைக்குக் கை வீங்கிருக்குதுங்க. ஒரெட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு அப்புறம் போடலாங்க."

"ஒம்பதாம் மாசம் எல்லாப் பொம்பளைக்கும் நீர் கோக்கத்தான் செய்யும். நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிப் பேச்செடுக்கறீங்க. புதனுக்குப் புதன் அங்க வேஷம் கட்டறீங்கல்ல, அந்த நெனப்பாட்டம் இருக்குது."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜான் பீக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அதைப் பார்க்க நேரமில்லை. மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு இந்தப் பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஊர்போய்ச் சேர்ந்தால் அங்கே கேட்பாரில்லை. இன்னொரு முறை சொன்னால் ராமக்காள் கூடையோடு வெளியே அனுப்பிவிடுவாள். நிஜத்தைச் சொல்லி எடுபடவில்லை. கைவசம் இருந்தது பொய் ஒன்றுதான்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தாள். சாய்கிற சாய்ப்பில் சென்னம்மாளின் கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

வளைகாப்பு வீடு அமளிதுமளியாயிற்று. ஆஸ்பத்திரிப் பேச்சே ஆகாது என்ற ராமக்காளுக்கு, நல்ல நாளில் வீட்டு நடுக்கூடத்தில் வளையல்காரி செத்துவைத்தால் என்னாவது என்ற பயம் பிடித்துக்கொண்டது. "டேய் கிருஷ்ணப்பா, சைக்கிள எடுடா. ஜீப்போட டாக்டரக் கூட்டியா" என்று விரட்டினாள்.

ஜீப் வந்தது. தெரசா வரவில்லை. அவர் தர்மபுரிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நர்ஸ் நஞ்சம்மாளோடு இறங்கி வந்தவன் சவுரியப்பன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்த ஜான் பீ போயும் போயும் இவனா என்று நினைத்தாள்.

அவன் குனிந்து நாடி பிடித்தான். நன்றாக ஓடியது. நெஞ்சில் குழாயை வைத்தான். அதுவும் ஒழுங்காக அடித்தது. பத்து நாளாகச் சுமந்துகொண்டிருந்த அவமானம் பொங்கியது.

"பாயம்மா, இங்கயுமா நடிப்பு?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஜான் பீ கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள். "கை வீங்கிருக்குதுங்க டாக்டர். போன மாசம் போட்ட வளையல் இந்த மாசம் ஏறலீங்க."

அவன் அவள் கையைப் பார்த்தான். எலும்பும் நரம்புமான கை. வளையல்கள் முழங்கைவரை ஓடிவிளையாடின.

"தல வலிக்குதுங்க. கண்ணு முன்னால மின்மினி பறக்குதுங்க."

சவுரியப்பன் கோபமாக எழப் போனான். பாதியில் நின்றான். அந்த வீக்கம், தலைவலி, மின்மினி மூன்றையும் பத்து நாளாக அவன் தூங்காமல் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்கு வந்திருக்க வேண்டிய பதில்கள். மறுபடி மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"எத்தன மாசம் பாயம்மா?" என்றான் மெதுவாக.

"ஒம்பதுங்க."

பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பாயம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இன்னொருத்தி அங்கலாய்த்தாள். சவுரியப்பன் யாரையும் பார்க்கவில்லை. ஜான் பீயின் கை எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தான். உப்பிய ஒரு கை. முட்டியில் சிக்கி நின்ற ஒரு கண்ணாடி வளையல். அதற்கு மேலே நிறைமாத வயிறு.

சாதுப் பிள்ளை அன்றைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டான். இந்த மயக்கம் மற்றவர்களுக்கும் வரலாம், எல்லோருக்கும் ஒருதரம் பிரஷர் பார்த்துவிடுவோம் என்றான். முதலில் ராமக்காளுக்குப் பார்த்தான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. அடுத்தது சென்னம்மாள். பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்து நஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மறுபடி பார்த்தான். அதே உயரம். அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தான். பள்ளம் விழுந்தது, நிரம்பவில்லை.

"தல வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். சென்னம்மாள் உடைந்து அழுதாள். "மூணு நாளாங்க. ராத்திரில்லாம் ஒடைக்குதுங்க. காலையில இருந்து கண்ணே சரியாத் தெரியலீங்க."

"ஏண்டி சொல்லல?" என்றாள் ராமக்காள்.

"யாருங்க அத்த கேட்டாங்க?"

சவுரியப்பன் அந்தப் பள்ளத்தைக் காட்டி, இன்றைக்கே தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டே வார்த்தையில் சொன்னான். ராமக்காள் ஒருகணம் சீர்த்தட்டுகளைப் பார்த்தாள். அப்புறம் எல்லோருக்கும் முன்னால் அவளே போய் ஜீப்பில் ஏறினாள்.

நெஞ்சுவலிக்காரியும் எழுந்து பின்னாலேயே ஏறிக்கொண்டாள். அதை யாரும் கேட்கவில்லை.

சென்னம்மாளுக்கு அன்று சாயங்காலம் ஒருமுறை வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்ததால் பிழைத்தாள். மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. கைக்கடக்கமான குழந்தை, ஆனால் தொண்டை மட்டும் பாட்டி மாதிரி.

நாற்பது நாள் கழித்து ஜான் பீ கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினாள். விட்டுப்போன வளையலைப் போட வேண்டுமே. பேத்தியைப் பார்க்க ராமக்காளும் வந்திருந்தாள். சென்னம்மாளின் கை பழையபடி வற்றியிருந்தது. ரெண்டேகால் வளையல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. சோப்பு வேண்டியிருக்கவில்லை.

"பாயம்மா, நெஞ்சுவலி இப்ப எப்படி இருக்குது?" என்றாள் ராமக்காள்.

"தேவலீங்க."

"ஜீப்புல அத்தன தூரமும் இவ தலைய மடியில தாங்கிட்டு வந்தீங்க. நெஞ்சு வலிக்கறவ செய்யற காரியமா அது? எனக்கு அப்பவே தெரியும். வளைகாப்பு வூட்டுல விழுந்து பொரண்டீங்க. நாலு பேரு சிரிச்சாங்க. எங்களுக்காவ எதுக்குங்க அத்தன பாடு?"

ஜான் பீ அடுத்த வளையலை எடுத்தாள். போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எனக்கொரு மவ இருந்தாங்க. அஸ்கரின்னு பேரு. அவளுக்கும் ஒம்பதாம் மாசம் வளையல் ஏறலீங்க." கையிலிருந்த வளையலை ஒருமுறை உருட்டினாள். "நான் சோப்புப் போட்டு ஏத்திட்டங்க."

புருஷனிடமும் சொல்லாததை அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். குழந்தை தொட்டிலில் சிணுங்கியது. ராமக்காள் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு எத்தன அளவு?" என்று கேட்டாள்.

"ரெண்டேகாலுங்க."

சென்னம்மாள் தன் கையை உருவிக்கொள்ளவில்லை. ஜான் பீ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.