ஏசிக்குள் ஒரு செம்புக் கம்பி

கார் ஏசி பார்க்கிற மெக்கானிக்குக்கு 'ஐஸ்' என்று பெயர் வைத்தவன் யாரோ, நல்ல குறும்புக்காரன். அந்தக் கடைவரிசையில் டயர்க்காரரிலிருந்து வெல்டிங்காரர் வரை எல்லோருக்கும் அவன் ஐஸ்தான். ஆனால் யாருக்கும் ஐஸ் வைக்க மட்டும் அவனுக்குத் தெரியாது. நல்ல வார்த்தை ஒன்று மனதில் தோன்றினால் வாய்க்கு வருவதற்குள் வழியிலேயே உறைந்துபோகும். கட்டின மனைவியிடமும் அதே கதைதான். "நான் சொன்னது ஒண்ணாவது உங்க காதுல ஏறியிருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அன்றைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். வேலைக்குப் போய்வர அவளுக்குச் சிரமமாக இருக்குமாம். மகா புத்திசாலி.

அந்தக் கார்தான் இன்று மத்தியானம் அவன் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது அவளேதான். முகமெல்லாம் வியர்வை. பின்சீட்டில் இரண்டு பெட்டிகளும் சுருட்டிய மெத்தையும் இருந்தன.

"ஏசி சூடா வருது" என்றாள், பானெட்டைப் பார்த்து. முன்பெல்லாம் அவள் எதைச் சொன்னாலும் 'என்னங்க' என்றுதான் ஆரம்பிப்பாள். "மூணு கடையில காட்டியாச்சு. மூணு பேரும் கேஸ் கம்மின்னு சொல்லி கேஸ் அடிச்சு அனுப்பிட்டாங்க. எனக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. நாளன்னைக்குக் காலைல வேலையில சேரணும். ஏழு மணி நேரம் ஓட்டணும்."

"இந்த வெயில்ல கஷ்டம்தான்" என்றான் ஐஸ். சொல்ல நினைத்தது 'போகாதே' என்று.

'பார்ட்ஸ் வரணும், ரெண்டு நாள் ஆகும்' என்று ஒரு பொய் சொன்னால் போதும். இந்தத் தொழிலில் தினமும் யாராவது சொல்கிற பொய்தான். அவள் இரண்டு நாள் இங்கேயே இருப்பாள். அது நாக்கு நுனிவரை வந்தது. வேலையில் பொய் சொல்லிப் பழகாத நாக்கு, அதையும் விழுங்கிவிட்டது.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டான். கம்ப்ரசர் 'டிக்' என்று பிடித்தது. மீட்டரை மாட்டிப் பார்த்தான், கேஸ் சரியாக இருந்தது. உள்ளேயிருந்து திரும்பி வரும் குழாயைத் தொட்டான். சில்லென்று வியர்த்து நீர் சொட்டியது. குளிர் உற்பத்தியாகிறது, உள்ளே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஹீட்டருக்கு வெந்நீர் போகிற ரப்பர் குழாயை இடுக்கியால் நெரித்தான். சற்று நேரத்தில் உள்ளே காற்று குளிர ஆரம்பித்தது. அப்படியென்றால் டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் பிரிக்கிற மடல் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

டேஷ்போர்டின் முன்பக்கப் பெட்டியைக் கழற்றி, டார்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

மடலின் நெம்புகோலில் ஒரு செம்புக் கம்பி. மூன்று சுற்று, நுனி உள்பக்கமாக மடித்தது. அவன் கட்டு.

கல்யாணமான புதிதில் அவள் காரில் ஏறினாலே புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். "குளிருதுங்க" என்பாள். "ஏசி மெக்கானிக் பொண்டாட்டிக்குக் குளிருதாம்!" என்று இவன் சிரிப்பான். சிரித்தவன் மறுநாளே யாருக்கும் தெரியாமல் இந்தக் கம்பியைக் கட்டினான். மடல் முழுக்க மூடாமல், விரல்கடை அளவு சூடு எப்போதும் கலந்து வரும்படி. தனக்கு வியர்த்து ஊற்றினாலும் அப்படியே ஓட்டினான். 'இப்பல்லாம் அவ்வளவா குளிரல, பழகிப்போச்சு போல' என்று அவள் சொன்னபோது, ஆமாம் என்று தலையாட்டினான். இப்போது மடலின் கிளிப் உடைந்து, கம்பி சரிந்து, மடலைச் சூட்டுப் பக்கமே இழுத்துப் பிடித்திருக்கிறது.

கம்பியை அறுத்து ஸ்பேனர் தட்டில் வைத்தான். பழைய டப்பாவிலிருந்து வேறு கிளிப் தேடிப் போட்டான். காற்று ஐஸாக வந்தது.

"என்னதான் ஆச்சு?" என்று கேட்ட அவள், தட்டில் கிடந்த கம்பியைப் பார்த்தாள். "இது எந்தக் கடைக்காரன் வேலை?"

"நான் கட்டினது."

"எதுக்கு?"

"உனக்குக் குளிருதுன்னு சொன்னல்ல."

அவள் கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அவள் கம்பியைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. போகிறதே, போகிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்தது. கண்ணாடி இறங்கியது. வெயிலில் நின்றுகொண்டு எதற்குக் கண்ணாடியை இறக்குகிறாள் என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். வெல்டிங்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"குளிருதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான். ஆறு வருஷக் குடித்தனத்தில் ஒருமுறைகூட அவன் கேட்காத கேள்வி.

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"என்னங்க" என்றாள். "அந்தக் கம்பிய திருப்பிக் கட்ட எவ்வளவு நேரமாகும்?"

கால்மணி நேர வேலை.

"பார்ட்ஸ் வரணும்" என்றான் ஐஸ். "ரெண்டு நாளாகும்."

அவள் அவன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நான் கிளம்பியாகணும்" என்று சொல்லிவிட்டு, இன்ஜினை நிறுத்திச் சாவியை அவன் கையில் வைத்தாள்.