கூட்டல் பத்து

பரீட்சை மாக்ஸ் என்று வந்துவிட்டால் யாழ்ப்பாணத்து ஆளுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கூட எடுத்தவன் கெட்டிக்காரன், குறைய எடுத்தவனுக்கு ரியூசன். இந்த ஒரு சட்டத்தைத் தியாகலிங்கம் கனடாவுக்கும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். அதுவே தன் காலை வாரிவிடும் என்று அவன் கண்டானா?

மிசிசாகாவில் ஒரு கோல்ஃப் கிளப்பின் குசினியில் அவன் கோப்பை கழுவினான். வேலைக்குச் சேர்ந்து ஐந்து கிழமைதான். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் கொழும்பில் விட்டுவந்த மனைவி சந்திரவதனா, ஆறு வருசத்துக்குப் பிறகு, வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு வந்து இறங்குகிறாள். விமான நிலையம் கிளப்பிலிருந்து இருபது நிமிடம். ஆனால் அந்தச் சனிக்கிழமை கிளப்பில் இரண்டு கலியாணம், முந்நூறு சாப்பாடு. ஒருவனுக்கு லீவு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று பெரிய செஃப் கையை விரித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. கோல்ஃபில் வருசத்துக்கு நாலு பெரிய போட்டிகள், அவற்றுக்கு மேஜர் என்று பெயர். அந்தச் சொல்லை முதல்முறை கேட்டபோது தியாகலிங்கம் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவன் விட்டுவந்த ஊரில் அந்தப் பட்டத்தோடு வந்தவர்கள் பந்து அடிக்க வரவில்லை. ஒவ்வொரு மேஜருக்கும், மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்ததும், முன்னணியில் நிற்கிற இருபது பேருடைய பெயரையும் புள்ளியையும் செஃப் துண்டுகளில் எழுதி சூப் சட்டியில் போடுவார். வேலையாட்கள் ஆளுக்கொன்று எடுப்பார்கள். யாருடைய ஆள் மறுநாள் வெல்கிறானோ அவருக்கு அடுத்த சனிக்கிழமை லீவு. செஃப் இதில் மட்டும் சொல் தவறமாட்டார்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆடி மாதம், பிரிட்டிஷ் ஓப்பன். தியாகலிங்கம் கையை விட்டு எடுத்தான். ஒரு பிரெஞ்சுக்காரனின் பெயர், பக்கத்தில் 'E' என்று போட்டிருந்தது. அவன் முகம் கறுத்துப்போயிற்று. ஏ இல்லை, பி இல்லை, சி கூட இல்லை.

பக்கத்தில் சலாட் வெட்டுகிற சூசைதாசன் தன் துண்டை விரித்து முகத்தைச் சுளித்தார். பாசையூர்க் கடற்கரை ஆள், கனடாவுக்கு வந்து பதின்மூன்று வருசம், தியாகலிங்கத்தை அவன் வந்த நாளிலிருந்தே தெரியும். அவருடைய சிவப்புக் காரில் சாய்ந்து நின்றுதான் தியாகலிங்கம் படம் எடுத்து மனைவிக்கு அனுப்புவது. அவரது துண்டில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன், '+10' என்று இருந்தது. பத்துக் கூட. இந்த மனுசன் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்?

"சூசையண்ணை, உங்கடை துண்டைத் தாறியளோ? என்ரையை நீங்கள் எடுங்கோ."

"வடிவா யோசிச்சுத்தான் கேக்கிறியோ?"

"ஓம் அண்ணை. சனிக்கிழமை அவ வாறா எல்லோ."

"பிறகு வந்து திருப்பித் தா எண்டு நிக்கப்படாது."

"நிக்கமாட்டன்."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி சூசைதாசன் துண்டை மாற்றிக்கொண்டார். சிம்கோ ஏரியில் ஒரு சனிக்கிழமை மீன் பிடிக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கதையை உடைத்தது மேசைக்குப் பரிமாறுகிற றோசலின்.

"அட விசரா, உது குறைய அடிக்கிறவன் வெல்லுற விளையாட்டு. E எண்டா கூடவுமில்லை குறையவுமில்லை, பிரெஞ்சுக்காரன்தான் முதலாவது. உன்ரை ஆள் அவனிலும் பத்து அடி கூட அடிச்சுப்போட்டு நிக்கிறான்."

"குறைய எடுத்தவன் கெட்டிக்காரன் எண்டா, எங்கடை வகுப்பிலை அரைவாசிப்பேர் டொக்குத்தராகியிருப்பினமே," என்றான் தியாகலிங்கம். உடனே சூசைதாசனிடம் ஓடினான். அவர் வெள்ளரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னனான் எல்லோ," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைக்காட்சிப் பக்கமே போகவில்லை. முகம் தெரிந்த ஒருவரும் இல்லாமல் அவள் பெட்டியோடு நிற்பதை நினைக்க அழுகை வந்தது. கோப்பை கழுவுகிற மெசினின் ஆவி நல்லகாலம் அதை மறைத்தது. றோசலின்தான் எச்சில் கோப்பையோடு செய்தியும் கொண்டுவந்தாள். "உன்ரை ஆள் எட்டுக்கு இறங்கிட்டான்." பிறகு, "ஆறு. ஆட்டத்தை முடிச்சுப்போட்டு இருக்கிறான்." மாக்ஸ் இறங்க இறங்க ஒருவன் சந்தோசப்பட்டது அவன் பரம்பரையிலேயே முதல்தடவையாக இருக்கும்.

ஆனால் பிரெஞ்சுக்காரன் கடைசிக் குழிக்கு வந்தபோது மற்றவர்களைவிட மூன்று அடி குறைய அடித்து முன்னால் நின்றான். நாலு அடியில் முடிக்கிற குழி அது, அவன் ஆறில் முடித்தாலே போதும். சூசைதாசன் தூண்டில் முள்ளுக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் தெறித்தது. பிறகு நெடும்புல், அதற்குப் பிறகு ஓடை. கூச்சல் கேட்டுத் தியாகலிங்கமும் ஈரக்கையோடு ஓடிவந்தான். பிரெஞ்சுக்காரன் சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்றான்.

"ஏறடா," என்றார் சூசைதாசன். "உது மீன் பிடிக்கிற இடமில்லை, ஏறு."

அவன் ஏறினான், ஆனால் குழியை முடிக்க ஏழு அடி போயிற்று. பிரெஞ்சுக்காரன், ஓர் அமெரிக்கன், ஸ்கொட்லாந்துக்காரன் மூவரும் சமன். இன்னும் நாலு குழி விளையாடச் சொன்னார்கள். ஸ்கொட்லாந்துக்காரன் வென்றான். தியாகலிங்கம் செஃப்பைக் கட்டிப்பிடித்து அவருடைய வெள்ளைச் சட்டையை நனைத்தான். சூசைதாசன் வீட்டுக்குப் போகும்போது சொன்னார்:

"சனிக்கிழமை காரையும் கொண்டுபோ. படத்திலை பாத்த கார் வராட்டி அந்தப் பிள்ளை ஏங்கிப்போகும்."

சனிக்கிழமை, கதவு திறந்து திறந்து மூட, ஒருவழியாகச் சந்திரவதனா வந்தாள். இருவரும் கொஞ்சநேரம் அழுதார்கள். கார் நிறுத்துமிடத்தில் சிவப்புக் காரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"இதுதானே உங்கடை கார்?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருசமாகச் சொன்னதுதானே. ஆனால் அன்றைக்கு அவனுக்குப் பொய் வரவில்லை.

"இல்லை. கார் சூசையண்ணையின்ரை. இண்டைக்கு லீவும் அவரின்ரை துண்டிலை வந்ததுதான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப உங்கடை எண்டு இஞ்சை என்னதான் இருக்கு?"

"நீர்தான்," என்றான் தியாகலிங்கம்.

அவள் சிரித்துவிட்டாள். டிக்கி முழுக்கச் சூசைதாசனின் தூண்டில்கள். அவற்றை ஒதுக்கித்தான் அவள் பெட்டியை வைக்கவேண்டியிருந்தது.